உயிரோடிருக்கும் மீனிலும் நட்டம்

குளத்து மீனில் முதல் போட்டவர்கள் செத்து மிதக்கும் மீனைத்தான் நட்டக் கணக்கில் எழுதுகின்றனர். உயிரோடு நீந்தும் மீனிலும் நட்டம் உண்டென்பதையே இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் இன்றும் நமது குளங்களின் பிரதான சரக்கு. வயலில் தெளிக்கும் களைநாசினியும் பூச்சிநாசினியும் மழையோடு வழிந்து சேர்வதும் அதே குளங்களில்தான். நகரை அண்டிய நீர்நிலைகளில் செம்பு, கட்மியம் போன்ற உலோகங்கள் வேறு.

இவற்றில் பல, மீனின் பூ வழியாக உள்ளே போனதும், உடம்பிலுள்ள ஒட்சிசனில் ஒரு பங்கைக் கட்டுக்கடங்காத வடிவுக்கு மாற்றிவிடுகின்றன. அது கலங்களின் கொழுப்பைத் தாக்குகிறது. ஒட்சியேற்ற அழுத்தம் என்பது இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர். வைத்திருந்த எண்ணெய் காறிப்போவதும் ஏறக்குறைய இதே வேலைதான், இங்கோ உயிருள்ள மீனுக்குள் நடக்கிறது. மீன் கொழுப்பு எவ்வளவு இலகுவில் காறும் என்பதைக் கருவாட்டுக் கடைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மீனிடமும் காவல் உண்டு. கற்றலேசு, குளுட்டாதயோன் போன்றவை எதிர்த்து நிற்கும். அந்தக் காவலுக்கான செலவு, வளர்ச்சிக்குப் போகவேண்டிய சத்திலிருந்துதான் போகிறது. தீனிச் செலவு அதேதான், தராசில் நிறை குறைவு. நோயும் சீக்கிரம் தொற்றும்.

மனிதர் அருந்தி மாண்டதால் 2008 முதல் இங்கு கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்ட பரகுவாட்டும் இதே வழியில் கொல்லும் நஞ்சுதான்.

குளத்தைக் குத்தகைக்கு எடுக்குமுன் மேல் வயலில் என்ன தெளிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தொட்டியில் பாசிக்கு மயில்துத்தம் போடுபவர்கள் அளவில் கவனமாக இருங்கள். அதுவும் செம்புதான், வன்மை குறைந்த தண்ணீரில் அதன் நஞ்சு கூடும்.