ஏழு நூல்கள் – எதிலிருந்து தொடங்குவது?

ஐசக் அசிமோவ் எழுதிய 'ஃபவுண்டேஷன்' வரிசையில் ஏழு நூல்கள் உள்ளன. அவை ஏழும் நூலகத்தில் ஒரே அடுக்கில் இருந்தால் எதை முதலில் எடுப்பீர்கள்? கதை நிகழும் காலப்படி பார்த்தால் 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' தான் முதல் நூல். ஆனால் அது 1988-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே ஐந்து நூல்கள் வந்துவிட்டன! ஆகவே அதை அடுக்கிலேயே விட்டுவிட்டு, 1951-இல் வந்த 'ஃபவுண்டேஷன்' என்ற நூலை எடுங்கள். அசிமோவே ஒரு முன்னுரையில் கதைக் காலப்படி பட்டியல் தந்திருக்கிறார். இருந்தாலும் நான் சொல்வது இதுதான்.

காரணம் கேட்பீர்கள். வாயுக்களைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள் அல்லவா? பலூனுக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறு அடுத்த நொடி எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் கூற இயலாது. ஆனால் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்துவிட்டால், வெப்பநிலை உயரும்போது அழுத்தம் எவ்வளவு கூடும் என்று தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். வேதியியல் பயின்ற அசிமோவ், மனிதக் கூட்டத்தையும் இப்படிக் கணக்கிட முடிந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்தார். பால்வீதி முழுவதும் பரவிய ஒரு பேரரசு வீழப் போகிறது. அதன் பின் 30,000 ஆண்டுகள் இருண்ட காலம் நிலவும் என்று ஹாரி செல்டன் என்னும் கணித மேதை கணக்கிடுகிறார். அதை 1,000 ஆண்டுகளாகக் குறைக்க, ஓர் ஒதுக்குப்புறக் கோளில் அறிஞர்களைக் குடியேற்றுகிறார். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிக் கிப்பன் எழுதிய வரலாறே இக்கதைக்குத் தூண்டுகோல்.

ஆனால் இக்கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. கணிப்பு மக்களுக்குத் தெரியக் கூடாது! அறிஞர்களின் வழிவந்தவர்கள் நெருக்கடி வரும்போதெல்லாம் திகைக்கிறார்கள். வாசகராகிய நீங்களும் அவர்களோடு திகைக்க வேண்டும். பிற்பாடு எழுதப்பட்ட முன்கதைகளோ செல்டனின் இரகசியங்களை முன்கூட்டியே அவிழ்த்துவிடுகின்றன.

முதல் நூலில் சண்டைகள் குறைவு, பேச்சு அதிகம். பெண் பாத்திரங்களோ இல்லை என்றே சொல்லலாம், இது பெருங்குறைதான். கதாநாயகர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஏனெனில் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: அணுசக்தியை இழந்த உலகங்களைப் பற்றிய முதற்கதை இதழில் வந்தது 1942 மே மாதம். சிகாகோவில் முதல் அணு உலை இயங்கியதோ அவ்வாண்டு டிசம்பரில்தான்!

அடுத்து 1952-இல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்'. அதன் பிற்பாதியில், செல்டனின் கணக்கில் இடம்பெறாத ஒருவன் வருகிறான். ஒரே ஒரு மூலக்கூறு பலூனையே அசைத்துவிடுமா? விடையை 1953-இல் வந்த 'செகண்ட் ஃபவுண்டேஷன்' வரை தேட வேண்டியிருக்கும். ஒரு கோடை விடுமுறைக்கு இம்மூன்றும் போதும். 1966-இல் மிகச் சிறந்த வரிசை என்று ஹியூகோ விருது பெற்றவையும் இம்மூன்றுதான். 1982-லும் 1986-லும் வந்த தொடர்ச்சிகளைப் பிறகு படிக்கலாம். முன்கதைகள் இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் இரண்டாவது, அசிமோவ் 1992-இல் மறைந்தபின் 1993-இல் வெளிவந்தது.