கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார். சிக்னலில் நின்று கிளம்பும்போது இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகர யோசிக்கிறது. அல்லது ‘டி’யில் போட்டதும் யாரோ பின்னாலிருந்து இடித்ததுபோல ஒரு குலுக்கல். பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்” என்கிறார்கள். செலவைக் கேட்டால், பழைய வண்டியை விற்றாலே அவ்வளவு வருமா என்று யோசிக்க வைக்கிற தொகை.

அந்த இடத்தில் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்துவிட்டால், எது கெட்டிருந்தது, எது நன்றாக இருந்தது என்பதற்கான சான்றும் பெரும்பாலும் போய்விடும். பிறகு எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் பட்டறைக்காரர் சொல்வதற்கு எதிராக உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, இரட்டை கிளட்ச், ஏஎம்டி எல்லாவற்றையும் இங்கே ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்கிறோம். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பரவிய ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அமுக்குவதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது. ஆகவே அதில் வரும் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த கிளட்ச் பிளேட்டாகவோ ஆக்சுவேட்டராகவோ இருக்கும். பிளேட் மாற்றிய பிறகு கம்ப்யூட்டருக்குப் புதிய கிளட்சைப் பழக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்தாலும் வண்டி குலுங்கும். ஏஎம்டிக்கு முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னால் இன்னொரு பட்டறையில் காட்டாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பாகவோ சற்று மங்கலாகவோ இருந்தால் கவலை இல்லை. கரும்பழுப்பாகித் தீய்ந்த நாற்றம் அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் தண்ணீரோ ரேடியேட்டர் கூலன்ட்டோ கலந்துவிட்டது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் அடியில் சிறு காந்தம் ஒட்டியிருக்கும். அதில் மையைப்போல மெல்லிய சாம்பல் பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் நெருடுகிற பளபளப்பான செதில்கள் இருந்தால்தான் உள்ளே பெரிய சேதம். அந்தத் தட்டைக் கண்ணால் பார்க்கவும் படம் எடுக்கவும் கேளுங்கள். தயங்குகிற பட்டறையில் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

எந்த எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். சிவிடிக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய்தான்; சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் (ஏடிஎஃப்) ஊற்றினால் பெல்ட்டே பாழாகும். வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணெயின் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

அடுத்தது ஸ்கேனர். ‘பி0700’ என்ற குறியீட்டைக் காட்டி “பாக்ஸ் காலி” என்பார்கள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது என்பதைத் தவிர அந்தக் குறியீட்டுக்கு வேறு பொருள் இல்லை. எந்தக் கோளாறு என்பது அதனுடன் வரும் மற்றக் குறியீடுகளில் இருக்கும்: சொலினாய்டா, வேக சென்சாரா, டார்க் கன்வெர்ட்டர் கிளட்சா என்று. பழைய வண்டியில் பலவீனமான பேட்டரி, துருப்பிடித்த எர்த் வயர், கியர் லீவரின் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச் ஆகியவையே டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை எரியவிடலாம். கம்ப்யூட்டர் தற்காப்புக்காக ஒரே கியரில் நிறுத்திக்கொண்டால், உள்ளே எல்லாம் உடைந்துவிட்டது போலத்தான் வண்டி நடந்துகொள்ளும். ‘டி’யில் போடும்போது மட்டும் அடிக்கும் குலுக்கலுக்கு உடைந்த இன்ஜின் மவுண்ட்டும் காரணமாகலாம். இவற்றைச் சரிபார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டியதே இல்லை.

இனி காகிதம். பல ஜாப் கார்டுகளில் “கியர் பிராப்ளம், செக் அண்ட் டூ த நீட்ஃபுல்” என்று ஒரே வரி இருக்கும், கீழே நம் கையெழுத்து. அது வெற்றுக் காசோலையில் போடும் கையெழுத்துக்குச் சமம். அதற்குப் பதிலாக, வண்டி எப்போது என்ன செய்கிறது, ஸ்கேனரில் வந்த குறியீடுகள், எண்ணெயின் நிலை, மதிப்பிட்ட தொகை, அதைத் தாண்டினால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற வரி, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். சென்னை புதுப்பேட்டைச் சந்தையிலோ வேறெங்கோ வாங்கிய பழைய கியர்பாக்ஸைப் பொருத்துவதானால், அதன் எண்ணும் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் பில்லில் இருக்கட்டும். திருட்டுப் பாகம் என்று பின்னால் தெரிந்தால் தலைவலி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. சரியாகச் செய்யாத வேலை, சேவைக் குறைபாடு. செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. அதனால் தொகையில் தகராறு என்றால் சண்டை போட்டு வண்டியை அங்கேயே விட்டுவிடாமல், “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று பில்லின் நகலில் எழுதிப் பணம் கட்டி வண்டியை வெளியே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வெளியே வந்ததும் வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்துப்பூர்வமான கருத்து வாங்குங்கள். அதற்குள் வண்டியைப் பிரித்துவிடாதீர்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவும் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். சட்டத்தில் சொன்ன மாதக் கணக்கில் தீர்ப்பு வந்துவிடும் என்று மட்டும் நம்பி இருக்க வேண்டாம், நீளும். ஒரே காரை வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸிக்காரருக்கும் இந்த வழி உண்டு. வணிக நோக்கம் என்று சொல்லி அவரை மட்டும் விரட்டிவிட முடியாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் கதை வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். தண்ணீர் கியர்பாக்ஸின் காற்றுத்துளை வழியாக உள்ளே போய், கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைக் கெடுத்துவிடும். முழு காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேரும். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சேராது. நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்ததால் வந்த சேதம் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க இடம் கொடுத்துவிடாதீர்கள். சாவியைத் திருப்பாமல், தண்ணீர் நின்ற உயரத்தைப் படம் எடுத்து, அன்றே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, நான்கு சக்கரமும் தரையில் படாதபடி வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். முன்சக்கரம் உருள இழுத்துப் போனால் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் எண்ணெய் ஓட்டமின்றிக் கியர்பாக்ஸ் கெடும். கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் தரலாம்.