பூட்டிய கோப்பும் திறவுகோலும்

நுழையும் முன்
முன்னோர் வீட்டு ஆவணங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காத்தனர். இன்று அவ்வாவணங்கள் கணினிக் கோப்புகளாக மாறியுள்ளன. அவற்றைப் பூட்டும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

பணி மாற்றத்தால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்கள் பல. வீட்டுப் பொருள்கள் சில விடுபட்டாலும் வாங்கிக்கொள்ளலாம், சான்றிதழ்கள் விடுபடலாகாது. ஆகவே பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை ஆகியவற்றின் படிகளைப் பெற்றோர் பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ சேமித்து வைக்கின்றனர். அந்தப் பென்டிரைவ் பயணத்தில் தொலைந்தால், அதைக் கண்டெடுப்பவர் குடும்பத்தினர் அனைவருடைய விவரங்களையும் படித்துவிட இயலும். வேறொருவர் பெயரில் கடன் கேட்பதற்கும் ஏமாற்றுவதற்கும் இவ்விவரங்களே கருவியாகின்றன.

மறைத்தல் வேறு, பூட்டுதல் வேறு
கோப்பின் பெயரை மாற்றுவதும், கண்ணுக்குத் தெரியாத கோப்புறையில் வைப்பதும் மறைத்தல் ஆகும். தேடுவோர் கண்ணில் பட்டுவிட்டால் அதற்குப் பிறகு காப்பு இல்லை. கோப்பின் உள்ளடக்கத்தையே பிறர் படிக்க இயலாதவாறு மாற்றி அமைப்பது மறையாக்கம் ஆகும். மறையாக்கம் செய்த கோப்பு பிறர் கையில் கிடைத்தாலும், உரிய திறவுகோல் இல்லாதவருக்கு அது பொருளற்ற குறிகளின் குவியலே.

ஓர் எளிய மறையெழுத்து
உரோமானியத் தலைவர் சீசர், ஒவ்வோர் எழுத்துக்கும் மாற்றாக மூன்று இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதி மறைச்செய்தி அனுப்பினார். தமிழிலும் இம்முறையைச் செய்து பார்க்கலாம். மெய்யெழுத்து வரிசையில் ஒவ்வொரு மெய்க்கும் அடுத்த மெய்யை எழுதுவோம். அவ்வாறு எழுதினால் ‘நலம்’ என்னும் சொல் ‘பவய்’ என்றாகும். எத்தனை இடம் தள்ளினோம் என்பதே இதன் திறவுகோல்.

எனினும் இப்பூட்டு வலிமையற்றது. மெய்யெழுத்துகள் 18, ஆகவே தள்ளும் வழிகள் 17 மட்டுமே. பொறுமையுள்ள ஒருவர் அவற்றைச் சிறிது நேரத்தில் முயன்று பார்த்துவிடுவார்.

இக்காலப் பூட்டு
இன்று உலகெங்கும் வழங்கும் மறையாக்க முறைகளுள் ஒன்று ஏ.இ.எஸ். என்பதாகும். பெல்ஜியம் நாட்டு அறிஞர்கள் யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். அமெரிக்கத் தர நிறுவனம் திறந்த போட்டி நடத்தி இதனைத் தேர்ந்தெடுத்து, 2001ஆம் ஆண்டு தரமுறையாக வெளியிட்டது. இதில் 256 பிட் நீளமுள்ள திறவுகோலைப் பயன்படுத்தினால், முயன்று பார்க்க வேண்டிய திறவுகோல்களின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டதாகும். 17 எங்கே, இது எங்கே!

இம்முறை எவ்வாறு செயற்படுகிறது என்பதை யாரும் நூல்களில் படித்தறியலாம். ‘பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் கேடில்லை, திறவுகோல் மட்டுமே மறைவாக இருத்தல் வேண்டும்’ என்னும் கருத்தை டச்சு அறிஞர் கெர்க்கோப்ஸ் 1883ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

உலாவியின் உள்ளே
மறையாக்கம் செய்வதற்குத் தனி மென்பொருளை நிறுவ வேண்டும் என்பதில்லை. இணைய உலாவியே போதும். உலாவிகளுக்குரிய மறையாக்கத் தரமுறை 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று. இதனைக் கொண்டு இயங்கும் வலைக்கருவியில் நாம் கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை இடுகிறோம். உலாவி அக்கடவுச்சொல்லுடன் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து, பல்லாயிரம் முறை கணக்கிட்டுத் திறவுகோலை ஆக்குகிறது. ஊகித்துப் பார்ப்பவரும் ஒவ்வொரு முறையும் இத்தனை கணக்குகளைச் செய்தாக வேண்டும். ஆதலால் அவர் முயற்சி மிகவும் தாமதப்படும்.

நல்ல கருவியில் இவ்வேலை முழுவதும் நம் கணினியிலேயே நிகழும். கோப்பும் கடவுச்சொல்லும் வெளியே செல்லா. இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. பக்கம் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்து, தேவையற்ற கோப்பு ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். கருவி இயங்காவிடில் அது வெளியிலுள்ள கணினியை நாடுகிறது எனலாம். அதனிடம் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டா. இயங்கினாலும், பலர் ஆராய்ந்து பார்த்த, நம்பகமான கருவியையே தேர்ந்தெடுத்தல் நன்று.

கடவுச்சொல்லே காவல்
பூட்டு எத்துணை வலியதாயினும் கடவுச்சொல் எளிதாயின் பயனில்லை. இணையத்தில் பெறும் மின் ஆதார் கோப்பு பூட்டப்பட்டே வருகிறது. அதன் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாகும். ஆகவே இவ்விரண்டையும் அறிந்தவர் எவரும் அதைத் திறந்துவிடலாம். நாம் அமைக்கும் கடவுச்சொல்லில் பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் ஆகியவை இடம்பெறலாகாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து அமைப்பது நினைவில் நிற்கும். பிறரால் ஊகிக்கவும் அரிது.

மேலும் மூன்று செய்திகளை மனத்தில் கொள்க:
1. கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தருவார் எவருமில்லை. அதனைத் தாளில் எழுதி வீட்டில் பாதுகாப்பான இடத்தில் வைக்கலாம்.
2. பூட்டிய கோப்பைத் திறந்து சரிபார்த்த பின்னரே, பூட்டாத மூலப்படியைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்குக.
3. பூட்டிய கோப்பையும் கடவுச்சொல்லையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பற்க.

அந்தரங்கம் அரசமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அவ்வுரிமையை நாள்தோறும் பேணுதல் நம் கடமையாகும்.

சொல்லும் பொருளும்
அந்தரங்கம் – பிறர் தலையிடாத தனி வாழ்வு
ஊகித்தல் – உய்த்துணர்தல்
அனுப்பற்க – அனுப்பாதீர்

பயிற்சி
1. மறைத்தல், மறையாக்கம் – வேறுபடுத்துக.
2. பாடத்தில் கூறிய முறைப்படி ‘கடல்’ என்னும் சொல்லை மறையெழுத்தில் எழுதுக.
3. ‘யவல்’ என்பதன் மூலச்சொல்லைக் கண்டறிக.
4. உங்கள் வீட்டில் பூட்டிவைக்க வேண்டிய கோப்புகள் எவை? பெற்றோருடன் கலந்து பட்டியலிடுக.