புத்தகம் வராத ஜூன்

2011 ஜூனில் தமிழகப் பள்ளிகள் திறந்தபோது, சமச்சீர் கல்வி என்ற பொதுப் பாடத்திட்டத்துக்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டு அச்சிட்ட புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடங்கில் கிடந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வெறுங்கையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்திட்டத்துக்கு முன்பு மாநிலத்தில் நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன: மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். ஒரே தெருப் பிள்ளைகள், பெற்றோரின் வசதியைப் பொறுத்து, வெவ்வேறு பாடம் படித்து வெவ்வேறு தேர்வு எழுதினார்கள். அரசு அமைத்த முத்துக்குமரன் குழு இதை ஆராய்ந்து பொதுப் பாடத்திட்டத்தைப் பரிந்துரைத்தது. தி.மு.க. அரசு 2010-இல் சட்டம் இயற்றி, முதலில் 1, 6 ஆகிய வகுப்புகளில் நடைமுறைப்படுத்தியது.

மெட்ரிக் பள்ளி நிர்வாகிகள் எதிர்த்தார்கள். தரம் தாழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மையான அக்கறை கொண்ட ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆனால் தனிப் பாடத்திட்டம் என்ற அடையாளத்தைக் காட்டித்தான் இப்பள்ளிகள் கட்டணம் வாங்கின என்பதையும் மறைக்க முடியாது. வழக்குத் தொடுத்தும் சட்டத்தை அவர்களால் வீழ்த்த இயலவில்லை.

2011 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. பாடத்திட்டம் தரமாக இல்லை என்று கூறி, சட்டத்தைத் திருத்தித் திட்டத்தைத் தள்ளிவைத்தது. புத்தகங்களில் முந்தைய ஆட்சியின் முத்திரை இருப்பதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. குறையுள்ள பக்கங்களைத் திருத்தியிருக்கலாம். ஆண்டு தொடங்கும் வேளையில் மொத்தப் புத்தகத்தையும் நிறுத்தியதற்குக் கல்வி சார்ந்த நியாயம் எதுவும் இல்லை. பெற்றோர் நீதிமன்றம் சென்றார்கள். ஜூலை 18-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருத்தச் சட்டத்தை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தது. ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம், பத்து நாட்களுக்குள் திட்டத்தைச் செயல்படுத்த உத்தரவிட்டது.

அதன் பிறகே புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது. சில பக்கங்களில் முன்னாள் முதல்வர் கருணாநிதி தொடர்பான பகுதிகள்மீது தாள் ஒட்டப்பட்டிருந்தது. எதை நடத்துவது என்று தெரியாமல் இரண்டு மாதம் வகுப்பை ஓட்டிய ஆசிரியர்களை, இந்த முடிவுகள் எதிலும் யாரும் கலந்தாலோசிக்கவில்லை. 2012-இல் நான்கு வாரிய மாணவர்களும் முதன்முறையாகப் பொதுவான பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் வசதியான மெட்ரிக் பள்ளிகள் பல, மாநிலச் சட்டத்துக்கு உட்படாத சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிக்கொண்டன. ஒரே தெருப் பிள்ளைகளுக்கு மறுபடியும் இருவேறு புத்தகங்கள்.