பொறை என்னும் சுமை

பொறுமை என்று இன்று வழங்கும் பண்பைக் குறிக்கப் பழந்தமிழ் இலக்கியம் ஆண்ட சொல் பொறை என்பதாகும். கொடு என்னும் வினையிலிருந்து கொடையும், தடு என்பதிலிருந்து தடையும் பிறந்ததுபோலப் பொறு என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குப் பாரம், மலை, கருப்பம் ஆகிய பொருள்களும் உண்டு. சுமையை இறக்கி இளைப்பாறுவதையும் பிள்ளை பெறுவதையும் பொறையுயிர்த்தல் என்ற ஒரே சொல் குறிப்பதாக அகராதிகள் காட்டுகின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நிறுத்தும் தமிழ்நாட்டு வழக்கத்திலும் இந்த எண்ணமே கல்லாகி நிற்கிறது எனலாம்.

சுமப்பதற்கு வலிமை வேண்டும் என்பதாலோ என்னவோ, பழைய நூல்கள் பொறையை எளியோருக்கு உரைக்கும் ஆறுதலாக அன்றி, வலியோரிடம் எதிர்பார்க்கும் குணமாகவே பேசுகின்றன. புறநானூற்றின் 2ஆம் பாட்டில் சேரமான் உதியஞ்சேரலாதனை ஐம்பூதங்களோடு ஒப்பிடும் முரஞ்சியூர் முடிநாகராயர், பகைவர் பிழையைப் பொறுக்கும் அவனது இயல்பை நிலத்துக்கு இணையாக வைக்கிறார். திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய பொறையுடைமையும், தன்னைத் தோண்டுவோரையே தாங்கி நிற்கும் நிலத்தைக் காட்டித்தான் தொடங்குகிறது. கலித்தொகையின் 133ஆம் பாட்டில், மதியாதவரையும் பொறுத்துக்கொள்வதே பொறை என்று தோழி இலக்கணம் வகுப்பது, துயருறும் தலைவியை அடக்கி வைப்பதற்காக அன்று, அவளை வருந்தவிட்டுப் பிரிந்திருக்கும் தலைவனை இடித்துரைப்பதற்காகவே.

இதற்குச் செயலளவில் சான்றாக நிற்பவன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. முரசு நீராட்டுக்காக எடுத்துச் செல்லப்பட்டிருந்த வேளையில், அதற்குரிய கட்டில் என்பதை அறியாமல் மோசிகீரனார் என்னும் புலவர் அதில் படுத்து உறங்கிவிட, வாளால் வெட்டுண்டு மடிவதற்குரிய அக்குற்றத்தைக் கண்ட அரசன் அவரை எழுப்பவும் இல்லாமல், அருகில் நின்று கவரி வீசினான் என்பதைப் புறநானூற்றின் 50ஆம் பாட்டில் அப்புலவரே பாடியுள்ளார். இரும்பொறை என்னும் அவன் குடிப்பெயர் பெருமலை என்று பொருள்படுவது. ஆயினும் அந்தக் கட்டிலின் அருகே அச்சொல்லின் மற்றொரு பொருளும் அவனுக்குப் பொருந்திவிடுகிறது.

அதே பெயர் தாங்கிய சேரமான் கணைக்கால் இரும்பொறையோ, சோழன் செங்கணானின் சிறையில் தண்ணீர் கேட்டு, அது காலந்தாழ்த்திக் கிடைத்த இழிவைப் பொறாமல், அதைப் பருகாமலே உயிர்விட்டான் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. அவனிடம் பொறை இல்லையே என்று குறைகூறும் மரபு தமிழில் எழவில்லை. திருப்பி அடிக்க இயலாதவன் அடங்கிப்போவதைப் பொறை என்று அழைக்க அக்காலத்துப் புலவர்கள் விரும்பவில்லை என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஒருவன் காரணம் பற்றியோ அறியாமையாலோ தீங்கு செய்தவிடத்து, அதையே அவனுக்குத் திருப்பிச் செய்யாது விடுதல் எனத் திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் பொறைக்குத் தரும் விளக்கமும், திருப்பிச் செய்யும் ஆற்றல் இருப்பதை உள்ளடக்கியதாகவே படுகிறது.

பொறையுடைமைக்கு அடுத்த அதிகாரமாக அழுக்காறாமை அமைந்திருப்பதற்கும் அவர் காரணம் கூறுகிறார்: பிறர் ஆக்கத்தைக் கண்டு பொறாத மனநிலை பொறைக்கு எதிரானது என்பதே அது. பொறை என்னும் சொல் பேச்சிலிருந்து மறைந்துவிட, அதன் எதிர்மறையாகிய பொறாமை மட்டும் அன்றாடச் சொல்லாக நிலைத்திருப்பது விந்தையே. பொறு என்னும் வினையும், சற்றுப் பொறுங்கள் என்று சொல்லும்போதும் யாழ்ப்பாணத்தார் பொறுங்கோ என்னும்போதும், காத்திருத்தல் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய தாங்குதற் பொருள், எண்ணெய் காய்ச்சுவோரும் கைமருந்து தயாரிப்போரும் கைபொறுக்கும் சூடு என்று பதம் சொல்லும் இடத்தில் இன்னும் தேயாமல் இருக்கிறது.