குதிரைச் சீரமும் அம்மைக் குத்தும்

வியன்னா, 1900களின் தொடக்கம். தொண்டை அடைப்பான் கண்ட பிள்ளைகளுக்குக் குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் உயிர் காக்கும் மருந்து. ஆனால் ஊசி போட்டுப் பத்து நாள் போல் கழித்துச் சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம். அதே பிள்ளைக்குப் பிறகொரு முறை போட்டாலோ, சில மணி நேரத்திலேயே உடம்பு தடித்துவிடும்!

சீரம்தான் நஞ்சு என்றால், இரண்டு முறையும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, சக மருத்துவர் பேலா ஷிக்குடன் சேர்ந்து நாள் கணக்கைக் குறித்துவந்தார். பெரியம்மைத் தடுப்பூசியிலும் அதே கதைதான். முதல் முறை குத்திய இடம் சிவந்து கொப்புளிக்கச் சில நாளாகும். மறுமுறை ஒரே நாளில் சிவந்துவிடும். மாறியிருப்பது மருந்தல்ல, உடம்பு என்று முடிவுகட்டினார். அந்த மாற்றத்துக்கு 1906இல் அவர் வைத்த பெயர் 'அலர்ஜி'.

மறு ஆண்டே, தோலைக் கீறி, காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்னும் சாற்றை வைத்துக் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் சோதனையையும் அவரே தந்தார்.