செருகுநிரலும் பதிப்பெண்ணும்

மென்பொருள் ஆக்குவோர் தமக்கு வேண்டியன யாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த பகுதிகளையும் எடுத்தாளுவர். அவற்றுட் பல முடிந்த மென்பொருளினுள் அமைவன. செருகுநிரலோ, மென்பொருளைக் கட்டும் கருவியினுட் புகுந்து தொழிற்படுவது. கட்டும் வேளையிற் கடவுச்சொல் முதலிய மறைபொருள்களும் அதன் கைக்கெட்டும். ஆதலின் அதன் எப்பதிப்பு வழங்குகின்றது என்பது சிறு வினாவன்று.

புதிய பதிப்பு வெளிவந்தவிடத்து, வேண்டிய மாற்றத்தைத் தாமே எழுதி உரியவரின் ஒப்புதலுக்கு வைக்கும் கருவிகள் இன்று உள. 2019இல் கிற்ஹப் நிறுவனம் தனதாக்கிக்கொண்ட டிபென்டபொற்றும், றெனோவேற்றும் அவற்றுட் பெரிதும் அறியப்பட்டவை. எழுதப்பட்ட எண்ணையே இவை மாற்றவல்லன. ஜாவா மொழியிற் பணிபுரிவோர் கையாளும் மேவன் என்னுங் கருவியிற் செருகுநிரலின் பெயரை மட்டும் எழுதி எண்ணை விட்டுவிடலாம். மேவன் தானே ஒன்றைத் தெரிந்துகொள்ளும். அதன் மூன்றாம் பதிப்பு இதற்கு எச்சரிக்கை விடுக்கின்றது. அதனைப் படிப்போர் சிலரே. நேற்றுக் கட்டியதும் இன்று கட்டியதும் வேறுபடினும், திருத்துதற்கு எண்ணே இல்லாதவிடத்துப் புதுப்பிக்குங் கருவி யாது செய்யும்?

எண்ணை எழுதினாற் போதுமோ எனின், அதுவும் போதாது. கிற்ஹப் தளத்திற் செருகுநிரலின் பதிப்பெண் ஒட்டிய சீட்டொன்றே. அதனைக் கழற்றி வேறொரு நிரலின்மீது ஒட்டலாம். 2025 மார்ச்சில் இதுவே நிகழ்ந்தது. 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ரி.ஜே. அக்சன்ஸ் செருகுநிரலொன்றினுட் களவாகப் புகுந்தோர், அதன் பழைய பதிப்புச் சீட்டுகள் பலவற்றைத் தீய நிரலொன்றுக்கு மாற்றினர். அந்நிரல் மறைபொருள்களைக் கட்டுமானப் பதிவேட்டில் அச்சிட்டது. பொதுக் களஞ்சியங்களில் அப்பதிவேட்டை எவரும் படிக்கலாம். தீய நிரலை எழுதியவர் பெயராக றெனோவேற்றின் பெயரே பொய்யாக இடப்பட்டிருந்தமை கவனிக்கற்பாலது.

நிரலின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் நாற்பது எழுத்து அடையாளக் கோவை ஒன்று உண்டு. நிரலில் ஒரு புள்ளி மாறினும் அது மாறிவிடும். சீட்டுக்குப் பதிலாக அதனை எழுதிவைத்தோரைச் சீட்டு மாற்றம் தீண்டவில்லை. ஆயின் அதனைப் பார்த்து எப்பதிப்பு என அறிதல் மனிதர்க்கு அரிது. றெனோவேற் அக்கோவையின் பக்கத்திற் பதிப்பெண்ணைக் குறிப்பாக இட்டு, இரண்டையும் ஒருங்கே புதுப்பிக்கும்.

விரைந்து புதுப்பித்தலிலும் இடருண்டு. அன்று உடனே மாறியிருப்பின் தீய நிரலின் கோவையே எழுதப்பட்டிருக்கும். ஆதலின் வெளிவந்து சில நாள் கழிந்த பதிப்பையே ஏற்குமாறு இரு கருவிகளுக்கும் விதிக்கலாம். ஏழு நாள் மிகையன்று. பாதுகாப்புக் குறையைத் திருத்தும் பதிப்புகளுக்கு மட்டும் டிபென்டபொற் இக்காத்திருப்பைப் பொருத்துவதில்லை.